உறுமாத பேஸ் கிற்றார் ஒன்று தேடி

கலியாணம் முடிந்து இரண்டாம் நாள் யாழ்ப்பாணத்திலிருந்து பெண்ணின் தகப்பனார் எங்களுக்குத் தொலைபேசி எடுத்தார். விசா கிடைக்காததால் அவர் வரவில்லை. மகளின் வரவேற்பு விழாவை, மச்சான் ஒருவர் பிடித்துக் காட்டிய கைத்தொலைபேசியில்தான் பார்த்தார். சாப்பாடு, சோடனை, பிள்ளையின் சேலை எல்லாவற்றையும் பற்றிக் கதைத்துவிட்டுக் கடைசியாகக் கேட்டார்:

"அங்கையும் கரன்ற் நிக்கிறதோ? பாட்டு நேரம் முழுக்க ஜெனரேற்றர் சத்தம் கேட்டுது."

அது ஜெனரேற்றர் அல்ல. எங்கள் இசைக்குழுவின் பேஸ் கிற்றார்.

ஸ்காபரோவில் ஆறு குடும்பங்கள் சேர்ந்து நடத்துகிற சிறிய குழு எங்களுடையது. பேஸ் கிற்றார் வாசிப்பவரை நாங்கள் எல்லோரும் பெரியண்ணை என்றே கூப்பிடுவோம். 1993 இல் உணவகமொன்றில் கோப்பை கழுவிச் சேர்த்த காசில், அரைவிலைக்கு வாங்கிய வாத்தியம் அது. முதல் குளிர்காலச் சப்பாத்து வாங்க முன்னரே அதை வாங்கிவிட்டார் என்று அவருடைய மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவா. அப்படிப்பட்ட சாமானை "மாத்துவம்" என்று யார் முதலில் வாய் திறப்பது?

பேஸ் கிற்றார் எது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான்கு தடித்த தந்திகள். மிகத் தடித்த தந்தியைத் தட்டினால் செக்கனுக்கு ஏறத்தாழ 41 தடவை அதிரும். பாட்டுக்கு அத்திவாரம் அதுதான். 1980 இல் வந்த மூடுபனி படத்தின் "என் இனிய பொன் நிலாவே" பாட்டை இன்னொருமுறை கேட்டுப் பாருங்கள். அடியில் நடந்து போகிற அந்தத் தடித்த நாதம் இல்லாவிட்டால் பாட்டு அந்தரத்தில் தொங்கும். இளையராஜாவின் பாட்டுகளில் அதை வாசித்து எங்களைக் கிறங்க வைத்தவர் சசிதரன்.

கைத்தொலைபேசியின் சின்னஞ்சிறு ஸ்பீக்கரில் இந்த அடிநாதம் வராது. ஆனால் உறுமல் வரும். கனடாவில் மின்சாரம் செக்கனுக்கு 60 தடவை முன்னும் பின்னுமாக அலைகிறது. அந்த இரைச்சல் வாத்தியத்துக்குள் புகுந்தால் 60 மட்டுமல்ல, 120, 180 என்று அதன் மடங்குகளும் சேர்ந்து வரும். அவை மேலே கிடக்கிற சத்தங்கள், சின்ன ஸ்பீக்கரிலும் நன்றாகக் கேட்கும். ஆகவே அந்த மனிதர் தன் மகளின் விழாவில் பெரியண்ணை வாசித்த ஒரு சுரத்தைத்தானும் கேட்கவில்லை. அழுக்கை மட்டும் கேட்டார்.

பெரியண்ணை இரண்டு கிழமை பயிற்சிக்கு வரவில்லை. மூன்றாம் கிழமை கிற்றாரைத் தூக்கிக்கொண்டு வந்து, "எங்கை பிழையெண்டு பாப்பம்" என்றார். காசை வீசுவதற்கு முன் நாங்கள் செய்த ஒரே புத்தியான காரியம் அந்தப் பார்வைதான்.

முதலில் வயர். மண்டபத்தின் கடைசியில் இருந்த மிக்ஸர்வரை இரண்டு நீட்டு வயர்களை முடிந்து ஓடவிட்டிருந்தோம். வயர் நீள நீள மேற்சத்தம் குறைந்து நாதம் மழுங்கும், இரைச்சலும் ஏறும். கிற்றாரிலிருந்து பத்தடி வயர் மட்டும் விட்டு, அங்கே டி.ஐ. பெட்டி என்கிற சிறு பெட்டியை வைத்து, அதிலிருந்து மைக் வயரில் மிக்ஸருக்குக் கொண்டுபோனோம். பிறகு தந்திகள். நாலு வருஷம் மாற்றவில்லையாம்! வியர்வையும் ஊத்தையும் ஏறிய தந்தி எந்த வாத்தியத்திலும் சாக்குமூட்டையை அடித்த மாதிரித்தான் கேட்கும். புதுத் தந்தி போட்டதும் சுரம் சுரமாகப் பிரிந்து கேட்டது. உறுமல் மட்டும் போகவில்லை.

அதைக் கண்டுபிடித்தது பெரியண்ணையின் மருமகன். இங்கே பிறந்த பிள்ளை, பத்தொன்பது வயது. தந்திகளுக்குக் கீழே இருக்கிற காந்தமும் கம்பிச்சுருளும் சேர்ந்த பிக்கப்தான் அதிர்வை மின்சாரமாக்குகிறது. பெரியண்ணையின் கிற்றார் 1960 இல் ஃபென்டர் கம்பனி கொண்டுவந்த ஜாஸ் பேஸின் சாயலில் செய்தது. இரண்டு ஒற்றைச்சுருள் பிக்கப்புகள். ஒற்றைச்சுருள் ரியூப் லைற், மங்கலாக்கும் சுவிச்சு எல்லாவற்றின் இரைச்சலையும் வாங்கும். இரண்டையும் முழுதாகத் திறந்தால் ஒன்றின் இரைச்சலை மற்றது அடித்துவிடும்.

"மாமா, நீங்கள் பின்னுக்கு இருக்கிறதைக் குறைச்சு வைக்கிறீங்கள். அதாலைதான் உறுமுது."

முப்பது வருஷமாக அப்படித்தான் வைத்திருந்தாராம், நாதம் உருண்டையாக வரட்டும் என்று. இரண்டையும் திறந்தோம். உறுமல் பெரும்பாலும் அடங்கியது. பெரியண்ணையின் முகமும் சுருங்கியது, ஏனென்றால் அந்த நாதம் அவருடையதல்ல.

இந்த இடத்தில் ஒன்று சொல்லாமல் போக முடியாது. பிளக்கின் மூன்றாவது பின்னை, அதாவது எர்த் பின்னை, முறித்துவிட்டால் உறுமல் நின்றுவிடும் என்று எங்களில் ஒருவருக்கே யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அம்பிளிபயரில் பழுது வந்தால், தந்தியில் கையும் மைக்கில் வாயும் வைத்திருப்பவரைக் காப்பாற்றுவது அந்தப் பின்தான். ஊரிலிருந்து அம்பிளிபயர் கொண்டுவருவோருக்கும் ஒரு சொல்: ஊரில் 230 வோல்ற், இங்கே 120. இடையில் அதற்குரிய ட்ரான்ஸ்போமர் வேண்டும்; அதன் விலையையும் பாரத்தையும் பார்த்தால் கொண்டுவராமலே விடுவது நல்லது.

பழைய கிற்றாருக்கு முடிவு சொன்னது உறுமல் அல்ல, கழுத்து. வளைந்துவிட்டது. உள்ளே ஓடுகிற இரும்புக்கம்பியை முறுக்கி நிமிர்த்தும் ஆணி தேய்ந்துபோயிருந்தது. மூன்றாம் மெட்டில் தந்தி உரசிக் கிரீச்சிட்டது. திருத்துகிறவர் கேட்ட கூலி, வாத்தியத்தின் பெறுமதியை விட அதிகம். பெரியண்ணையே, "சரி, வேறை ஒண்டு பாப்பம்" என்றார். நாங்கள் பெருமூச்சு விட்டதை அவர் கவனிக்காத மாதிரி இருந்தார்.

மருமகன் கேட்டது பற்றரியில் இயங்கும் வகை. 1976 இல் மியூசிக் மான் கம்பனி கொண்டுவந்த ஸ்ரிங்ரே அந்த வகைக்குப் பேர்போனது. இரட்டைச்சுருள், உள்ளே சிறு மின்சுற்று, 9 வோல்ற் பற்றரி. கடையில் வாசித்தபோது கண்ணாடி மாதிரி இருந்தது. பெரியண்ணை கேட்டது 1951 இல் பிறந்த பிரிசிஷன் பேஸின் வகை. 1957 முதல் அதில் பிக்கப்பை இரண்டாகப் பிளந்து, பாதிக்கு இரண்டு தந்தி என்று வைத்தார்கள். ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றியிருப்பதால் இரைச்சல் தானாகவே அடங்கிவிடும். பழையபடி ஜாஸ் வகையே எடுப்போம், இரண்டையும் திறந்து வைத்தால் போதும் என்றார்கள் வேறு சிலர்.

கடையில் எல்லாமே நல்லாக் கேட்கும். ஆகவே ஒரு மாதத்துக்கு வாடகைக்கு எடுத்தோம். லோங் அன்ட் மக்குவேட் போன்ற கடைகளில் வாத்தியங்களை வாடகைக்குத் தருவார்கள். புதிதாக வந்த குடும்பங்கள் இதை அறிந்திருப்பது நல்லது. (ரொறன்ரோ பொது நூலகத்தின் பார்க்டேல் கிளை 2016 இல் இசைக்கருவிகளை இரவல் கொடுக்கத் தொடங்கியது. பிள்ளைக்கு ஆசை நிலைக்குமா என்று தெரியாதபோது உடனே காசைப் போடாதீர்கள்.)

ஒரு சனிக்கிழமை, அதே கலியாண மண்டபம். ரியூப் லைற்றெல்லாம் எரியவிட்டு, மங்கலாக்கும் சுவிச்சைப் பாதியில் நிறுத்தி, அதே பாட்டை மூன்று கிற்றாரிலும் வாசித்தோம். கைத்தொலைபேசியில் பதிந்து, எது எதுவென்று சொல்லாமல், யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினோம்.

அன்றிரவே பதில் வந்தது.

"முதலாவதிலை கொஞ்சம் இரையுது. மூண்டாவதிலை விரல் சுரண்டுற சத்தம் கேக்குது. இரண்டாவதிலை பாட்டுக்காரப் பிள்ளை மூச்செடுக்கிறதும் கேக்குது தம்பியவை. மற்றது ஒண்டும் கேக்கேல்லை."

முதலாவது ஜாஸ் வகை. பாட்டின் நடுவில் பெரியண்ணையின் கை பழைய பழக்கத்தில் பின் பிக்கப்பைக் குறைத்துவிட்டது. மூன்றாவது பற்றரிக்காரன். தெளிவு கூடிப்போய், வாசிப்பவரின் குற்றங்குறைகளையும் தெளிவாகக் காட்டிவிட்டது. வயரைச் செருகியபடி விட்டால் பற்றரி கரைந்துகொண்டே இருக்கும், பற்றரி இறங்கினால் நாதம் கரகரக்கும் என்பதும் எங்களைப் போன்ற மறதிக்காரருக்கு ஆகாது. இரண்டாவது, பிளந்த பிக்கப். ஒரு பிக்கப், ஒரு சத்தக்குமிழ், ஒரு நாதக்குமிழ். குழப்ப இடமில்லை.

அதையே, பாவித்தது ஒன்றாகத் தேடி, ஆறு குடும்பமும் பங்கு போட்டு வாங்கினோம். வாங்குமுன் கழுத்தைக் கண்மட்டத்துக்குத் தூக்கி வளைவு பார்த்தோம், ஒவ்வொரு மெட்டிலும் நான்கு தந்தியையும் தட்டிப் பார்த்தோம், குமிழ்கள் கரகரக்கின்றனவா என்று திருகிப் பார்த்தோம். தட்டையாகச் சுற்றிய தந்தி போட்டதால் விரல் உரசும் சத்தமும் இல்லை. மருமகனுக்கு முதலில் மனவருத்தம்தான். இப்போது பாதிப் பாட்டுக்கு அவன்தான் வாசிக்கிறான். பெரியண்ணைக்குத் தோள் நோகிறதாம்.

பழையது விற்கப்படவில்லை. இரண்டு பிக்கப்பையும் முழுதாகத் திறந்து, குமிழ் அசையாதபடி பிளாஸ்ரர் ஒட்டி, பயிற்சி நடக்கும் பேஸ்மென்டில் பெரியண்ணை தொங்கவிட்டிருக்கிறார். அண்மையில் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இருவர் சனிக்கிழமைகளில் அதில் பழகுகிறார்கள். இன்னும் இருவருக்கு நேரம் இருக்கிறது. விரும்பியவர்கள் எங்கள் குழுவில் யாரிடமும் சொல்லலாம், காசு வேண்டாம். பெரியண்ணை பிள்ளைகளுக்குச் சொல்கிற முதல் பாடம் இதுதான்: "மூண்டாம் மெட்டிலை மட்டும் கொஞ்சம் அழுத்திப் பிடியுங்கோ, அது என்னோடை கோபம்."