சிசேரியனுக்கு அப்புறம் வீட்டுக்குள்ள நடப்பது

"பி.காம் மூணாம் வருஷம் படிக்கிற உனக்கு பிரசவத்தைப் பத்தி என்னடா தெரியும்?" என்று கேட்கப் போகும் மக்களே, கொஞ்சம் பொறுங்கள். போன மே மாத லீவு முழுக்க என் அக்காவுக்கு நான்தான் அட்டெண்டர். அக்காவுக்கு முதல் பிரசவம், சிசேரியன். அத்தானுக்கு திருப்பூரில் வேலை, மூணு நாள்தான் லீவு கிடைத்தது. அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவள். மிச்சம் இருந்தது ஆச்சியும் நானும்தான். ஆச்சிக்கு முட்டு வலி. ஆக, நான்தான் மிச்சம் :-)

பார்க்க வந்த சொந்தக்காரர்களில் பாதிப்பேர் சொன்ன வசனம் ஒன்றுதான். "ஆபரேஷன்தானே, வலியே தெரியாம பெத்துட்டா." அக்கா ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டுவாள். அவர்கள் போன பிறகு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

வலி தெரியாமல் என்றால் என்ன என்று நான் தேடிப் படித்தேன். முதலில் தோல், அதற்குக் கீழே கொழுப்பு, அதற்குக் கீழே தசையை மூடியிருக்கும் கெட்டியான உறை, இவற்றை அறுக்கிறார்கள். தசையை பெரும்பாலும் வெட்டுவதில்லை, நடுவில் பிரித்து ஒதுக்குகிறார்கள். பிறகு வயிற்றின் உள்சவ்வு, கடைசியில் கர்ப்பப்பை. குழந்தையை எடுத்த பிறகு திரும்பி வருகிற வழியில் தையல். நம் கண்ணுக்குத் தெரிவது அடிவயிற்றில் ஒரு கோடு மட்டும்தான். எங்கள் பெரியப்பாவுக்கு குடல்வால் ஆபரேஷன் செய்தபோது ஒரு மாசம் தண்ணீர் சொம்பைக்கூட தூக்க விடவில்லை. சிசேரியன் செய்த பெண்ணுக்கோ அதே ராத்திரி வேலை ஆரம்பம். ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து பால் கொடுக்க வேண்டும். வேறு எந்த பெரிய ஆபரேஷனுக்கும் இப்படி ஒரு டியூட்டி சார்ட் கிடையாது.

(பெயர்க் கதை ஒன்று: ஜூலியஸ் சீசர் இப்படிப் பிறந்ததால் சிசேரியன் என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். அது அநேகமாகக் கட்டுக்கதை. அந்தக் கால ரோமில் தாய் இறந்த பிறகோ, இறக்கும் நிலையிலோதான் வயிற்றைக் கிழித்து குழந்தையை எடுப்பார்கள். சீசரின் அம்மா அவுரேலியாவோ மகன் பெரிய ஆளாகும் வரை உயிரோடு இருந்தவர்.)

சரி, எங்கள் ஏரியாவான கணக்குக்கு வருவோம். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 21.5 சதவீதம் பிரசவங்கள் சிசேரியன். தமிழ்நாட்டில் 44.9 சதவீதம். அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் நமக்கு 34.1 ஆக இருந்தது. தெலங்கானா நம்மைவிட மேலே, 60.7. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது என்னவென்றால், ஒரு நாட்டில் சிசேரியன் 10 சதவீதத்தைத் தாண்டிப் போவதால் தாய், சேய் மரணம் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்பது. காமர்ஸ் படிக்கிறவன் கண்ணுக்கு இதில் இன்சென்டிவ் தெரியாமல் இருக்குமா? நார்மல் பிரசவத்துக்கு டாக்டர் ராத்திரி முழுக்க காத்திருக்க வேண்டும். ஆபரேஷன் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், பில்லும் பெரிசு. போதாக்குறைக்கு ஜோசியரிடம் நேரம் குறித்துக்கொண்டு வரும் நம் ஆட்கள் வேறு.

ஆனால் அக்கா விஷயம் அப்படி இல்லை. பதினாலு மணி நேரம் வலியில் இருந்தாள். குழந்தையின் இதயத் துடிப்பு இறங்க ஆரம்பித்ததும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த ஆபரேஷன் இல்லையென்றால் என் மருமகன் இல்லை. அதனால் சதவீதத்தை வைத்துக்கொண்டு தனி ஒரு பெண்ணிடம் போய் "தேவையா இது?" என்று கேட்பது எனக்கு அசிங்கமாகப் படுகிறது. சராசரி வேறு, ஆள் வேறு. இந்த சண்டையில், அறுத்தது அறுத்தாகிவிட்டது, இனி அவளை எப்படிப் பார்த்துக்கொள்வது என்ற பேச்சே காணாமல் போய்விடுகிறது.

மறுநாள் காலையில் நர்ஸ் வந்து "எந்திரிச்சு நடங்க" என்றதும் ஆச்சி கத்தியே விட்டாள். "பச்ச உடம்பு, நடக்கச் சொல்லுதியே தாயி!" நர்ஸ் பொறுமையாக விளக்கினார். அசையாமல் படுத்தே கிடந்தால் கால் நரம்பில் ரத்தம் உறையலாம், அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. வயிற்றில் வாயு சேர்ந்து வலிப்பதும் நடந்தால்தான் குறையும். எழுந்திருப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. மல்லாக்கப் படுத்த நிலையிலிருந்து நேராக எழவே கூடாது. முதலில் ஒருக்களிக்க வேண்டும், பிறகு காலை கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். இருமல், தும்மல் வந்தால் தையல் மேல் ஒரு தலையணையை அணைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். சிரிப்புக்கும் அதேதான். இதனால் ரெண்டு வாரம் வீட்டுக்குள் ஜோக் அடிக்க எனக்குத் தடை உத்தரவு. என் ஜோக்குக்கு சிரிப்பு வரும் என்று ஒத்துக்கொண்டது அந்த ஒரு தடவைதான்!

அடுத்த யுத்தம் தண்ணீர். "தண்ணிய கொறச்சுக் குடிட்டி, வயிறு பெருத்துரும், புண்ணு சீழ் வைக்கும்." இது ஆச்சியின் சட்டம். டாக்டரோ நிறைய குடிக்கச் சொல்கிறார். பால் கொடுக்கிற உடம்புக்கு தண்ணீர் அதிகம் வேண்டும். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல், முக்கினால் தையலில் உயிர் போகிற வலி. பத்தியத்தையே நான் குறை சொல்ல வரவில்லை. பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு எல்லாம் அருமையான சாப்பாடுதான் (எனக்கும் கிடைத்தது). நாற்பது நாள் வேலை செய்ய விடாமல் உட்கார வைப்பதைவிட நல்ல வழக்கம் எது? காய், பழம், தண்ணீர் மூன்றையும் வெட்டுவதுதான் இடிக்கிறது. வாதாடிப் பார்த்தேன், நடக்கவில்லை. பிறகு சீரகம் போட்டுக் கொதிக்க வைத்துக் கொடுத்தேன். ஆச்சி ஒரு வார்த்தை பேசவில்லை. வெறும் தண்ணீர் என்றால் தண்ணீர், சீரகத் தண்ணீர் என்றால் மருந்து! அடுப்பில் எப்போதும் ஒரு பெரிய சட்டி இருந்தது.

கொதிக்கக் கொதிக்க தண்ணீரை இடுப்பிலும் வயிற்றிலும் ஓங்கி ஊற்றுகிற குளியலை மட்டும் டாக்டர் சொன்னார் என்று சொல்லி நிறுத்தினோம். காயம் உலர்ந்து இருக்க வேண்டும். குளித்த பிறகு சுத்தமான துணியால் ஒற்றி எடுத்தால் போதும், பவுடர், மஞ்சள் எதுவும் வேண்டாம்.

பால் கொடுப்பதில் ஒரு சிக்கல். சம்மணம் போட்டு மடியில் வைத்துக் கொடுத்தால் குழந்தை சரியாக தையல் மேல் உதைக்கும். பக்கவாட்டில் படுத்தபடியும், குழந்தையை கக்கத்துக்கு அடியில் இடுக்கிய மாதிரி வைத்தும் கொடுக்க நர்ஸ் சொல்லித் தந்தார். "ஆபரேஷன் பண்ணுனா பால் வராது" என்று ஒரு சித்தி பவுடர் டின்னோடு வந்து நின்றார். சிசேரியனுக்குப் பிறகு பால் நன்றாகச் சுரக்க சிலருக்கு ஒரு நாள் கூடுதலாக ஆகலாம், அவ்வளவுதான். குழந்தை அடிக்கடி சப்பச் சப்பத்தான் சுரக்கும். அக்காவுக்கு நாலாம் நாள் வந்தது. டின் பரணில் இருக்கிறது.

ஒன்பதாம் நாள் ராத்திரிதான் எனக்கு இதை எழுத வேண்டும் என்று தோன்றக் காரணம். பத்து மணிக்கு குழந்தையை வாங்கப் போனேன். அக்கா கை கொதித்தது. கேட்டால் "ஒண்ணுமில்லடா, பால் கட்டுன காய்ச்சல்" என்றாள். தெர்மாமீட்டர் 101 காட்டியது. அம்மா துணியை விலக்கிப் பார்த்தாள். தையலின் ஒரு ஓரம் சிவந்து நீர் கோத்திருந்தது. காலையிலிருந்தே அப்படித்தானாம். ஏன்க்கா சொல்லல என்று அம்மா எதிரிலேயே கேட்டேன். "ஏற்கனவே ஆபரேஷன் செலவுன்னு எல்லாரும் பேசுதாங்க. திரும்பவும் ஒரு செலவான்னு இருந்துச்சு" என்றாள்.

ஆட்டோ பிடித்துப் போனோம். காயத்தில் தொற்று. ஒரு ஓரத்தைத் திறந்து சுத்தம் செய்து, ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். பன்னிரண்டு நாள் தினமும் டிரஸ்ஸிங். "ராத்திரியே வந்தது நல்லதாப் போச்சு" என்றார் டூட்டி டாக்டர். உள்ளே பரவியிருந்தால் வேறு கதை.

அதனால் இதை மட்டும் வீட்டில் சொல்லி வையுங்கள்: 100.4-க்கு மேல் காய்ச்சல், தையலில் சிவப்பு, சீழ், நாற்றம், ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைகிற அளவுக்கு ரத்தப்போக்கு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சு வாங்குவது, பார்வை மங்கும் அளவுக்குத் தலைவலி. இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அவளாகச் சொல்வாள் என்றும் காத்திருக்கக் கூடாது, நாம்தான் கேட்க வேண்டும்.

அழுகையும் அப்படித்தான். முதல் ரெண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது நிறையப் பேருக்கு உண்டு, தானாகப் போய்விடும். அதற்கு மேலும் நீடித்தாலோ, குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றாலோ டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும், அது திமிர் அல்ல, நோய். அக்கா ஒரு நாள் டிரஸ்ஸிங் முடிந்து வரும்போது ஆட்டோவில் சொன்னாள்: "நான் பெத்தேன்னே யாரும் சொல்ல மாட்டேங்காங்கடா. டாக்டர் எடுத்தாருன்னுதான் சொல்லுதாங்க." எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. டாக்டர் ஒரு மணி நேரம்தானே வேலை பார்த்தார், நீ பத்து மாசம் பார்த்தாயே என்றேன். சிரித்தாள், உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டினாள்.

லீவு முடிகிற சமயம் ஒரு நோட்டில் செலவுக் கணக்கு போட்டுப் பார்த்தேன் (பழக்கதோஷம்). பில், மருந்து, ஆட்டோ எல்லாம் எழுதிவிட்டேன். அம்மா வேலைக்குப் போகாமல் இழந்த ஐந்து வாரக் கூலியை எந்தத் தலைப்பில் எழுதுவது என்றுதான் புரியவில்லை. வேலைக்குப் போகிற அக்காவுக்கு, 2017 சட்டத் திருத்தத்தால் 26 வாரம் சம்பளத்தோடு லீவு. அவளைத் தூக்கி உட்கார வைக்கிற அம்மாவுக்கு ஒரு நாள்கூட கிடையாது. மத்திய அரசு வேலையில் இருக்கும் அப்பாக்களுக்கு 15 நாள் உண்டு. தனியார் கம்பெனியில் இருக்கிற அத்தான் மாதிரி ஆட்களுக்கு முதலாளி மனசு வைத்தால் உண்டு. அத்தானுக்கு மூன்று நாள் மனசு வைத்தார்கள்.

கிளாஸ் பசங்களுக்கு ஒன்று. இந்த வேலையில் பொம்பளைங்கதான் செய்ய வேண்டியது என்று பெரிசாக எதுவும் இல்லை. பால் கொடுப்பதைத் தவிர எல்லாமே நாம் செய்யலாம். குழந்தையைத் தூக்கி கையில் கொடுப்பது, திரும்ப வாங்கி ஏப்பம் விட வைப்பது, துணி அலசுவது, தண்ணீர் சொம்பை கை எட்டுகிற தூரத்தில் வைப்பது, மாத்திரைக்கு அலாரம் வைப்பது. அப்புறம் பார்க்கப் போகிற வீட்டில் "நார்மலா, ஆபரேஷனா?" என்று கேட்காமல் "தூங்குனியா?" என்று கேட்பது.

அக்கா இப்போது திருப்பூருக்குப் போய்விட்டாள். காயம் ஆறி கோடு மங்கிவிட்டது. அதைச் சுற்றி இன்னும் மரத்த மாதிரி இருக்கிறதாம், அது போக சில மாதம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அடுத்த குழந்தைக்கு குறைந்தது ஒன்றரை, ரெண்டு வருஷம் இடைவெளி விடச் சொன்னதை ஆச்சி மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.