முதுகில் ஒரு கட்டியும் ஒரு மேஜையும்



எங்கள் வடக்குத்தில், பக்கத்துத் தெரு நண்பர் சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். போன வருடம் அவருக்கு முதுகெலும்பை ஒட்டி எலுமிச்சம்பழம் அளவில் ஒரு வீக்கம். வலியே இல்லை. "கொழுப்புக் கட்டிதான், அரை மணி நேரத்தில் எடுத்துவிடலாம்" என்றார் ஒரு டாக்டர். நாலைந்து மாதத்தில் அது சாத்துக்குடி அளவாகிவிட்டது. "ஸ்கேன் பார்க்காமல் கத்தி வைக்கக் கூடாதுப்பா" என்று மகள் பிடிவாதமாக நின்றாள். எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். பிறகு ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். சார்கோமா.

சார்க்ஸ் என்றால் கிரேக்க மொழியில் சதை. பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் மென்திசு சார்கோமா நூற்றுக்கு ஒன்றுதான். அதிலும் 50-க்கு மேற்பட்ட வகைகள். ஒரு ஊர் டாக்டர் தன் காலத்தில் இரண்டு மூன்று பார்த்திருந்தாலே அதிகம்.

இந்தக் கட்டியைக் கிழிக்காமல், சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையோடு முழுசாக எடுக்க வேண்டும். தொடையில் என்றால் அதற்கு இடம் இருக்கும். முதுகில் பக்கத்திலேயே தண்டுவடம், முன்பக்கம் பெரிய ரத்தக்குழாய். அதனால் புற்றுநோய் சர்ஜனோடு தண்டுவடத்தைக் காக்க நரம்பியல் சர்ஜன், எலும்பை எடுத்தால் கம்பியும் திருகும் வைத்து நிறுத்த எலும்பு டாக்டர், பள்ளத்தைத் தசையால் மூட பிளாஸ்டிக் சர்ஜன், கதிர்வீச்சு டாக்டர் என்று பலர் வேண்டும். ஊசி எந்த வழியாக இறங்க வேண்டும் என்பதைக்கூட முன்பே பேசி வைக்கிறார்கள். ஆபரேஷனில் அந்தத் தடத்தையும் சேர்த்து எடுக்க வேண்டி வரலாம்.

நான் குமாஸ்தாவாக இருந்தவன். ஆபீசில் ஃபைல் மேஜை மேஜையாக நகரும். கீழே எழுதிய குறிப்பு தப்பென்றால் மேலே இருப்பவர் அடித்துத் திருத்துவார். கத்தி போட்ட பிறகு அப்படித் திருத்த முடியாது. எல்லோரும் முதலிலேயே ஒரே மேஜையில் உட்கார வேண்டும்.

பள்ளியில் பிரெஞ்சில் படித்த பழக்கத்தால் அந்த நாட்டுச் செய்திகளைத் தேடிப் படிப்பேன். அங்கே 2010 முதல் 2014 வரை சார்கோமா கண்ட 12,528 பேரின் விவரங்களை ஆராய்ந்திருக்கிறார்கள். சிகிச்சைக்கு முன்பே நிபுணர் குழு கலந்து பேசியவர்களுக்கு, கட்டி மறுபடி வருவது குறைவாக இருந்தது. ஆனால் அங்கேயும் அப்படி முன்கூட்டிப் பேசப்பட்டவர்கள் 5,281 பேர்தான், பாதிக்கும் கீழே.

நண்பருக்கு முதலில் ஐந்து வாரம் கதிர்வீச்சு. பிறகு ஆபரேஷன், காலையில் உள்ளே போனவர் வெளியே வர இரவாகிவிட்டது. இடது பாதத்தில் மரத்துப்போன உணர்வு இன்னும் இருக்கிறது. கைத்தடியோடு டீக்கடை வரை வருகிறார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன். ஒவ்வொரு முறையும் ரிசல்ட் வரும்வரை அந்த வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்குவதில்லை.

நம் வயதுக்காரர்களுக்குச் சொல்வது இதுதான். எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல, பெரும்பாலானவை சாதாரணமானவைதான். ஆனால் 5 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, வளர்ந்துகொண்டே போனாலோ, சதைக்குள் ஆழமாக இருந்தாலோ, வலி இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். அவசரப்பட்டு வெட்டவும் விடாதீர்கள். புதுச்சேரி ஜிப்மர், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களுக்குப் போங்கள். "எந்தெந்த டாக்டர்கள் சேர்ந்து பேசி முடிவு செய்தீர்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.