அம்பாரி வரும் முன்னே

தசரா நெருங்கினால் மைசூரில் யானைகளுக்கு ஒத்திகை நடப்பது ஊரறிந்த செய்தி. அதே நாட்களில் சயாஜி ராவ் சாலையை ஒட்டிய சந்தில் லென்ஸ்களுக்கும் ஒத்திகை நடக்கிறது. மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன ரிப்பேர் கடை. உரிமையாளருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். தாத்தா காலத்தில் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். என்னிடம் தமிழ், வாடிக்கையாளரிடம் கன்னடம், கைவேலை நடக்கும்போது இரண்டுமில்லாத மௌனம்.

நான் போன நேரத்தில் ஒரு வீடியோகிராபர் தோளில் சாய்க்கும் பெரிய கேமராவோடு வந்திருந்தார். காட்சியைக் கிட்ட இழுக்கும் டெலியில் முகம் துல்லியமாக இருக்கிறதாம், அப்படியே அகன்ற காட்சி தரும் வைடுக்கு வந்தால் படம் மசமசவென்று ஆகிவிடுகிறதாம். வியூஃபைண்டரின் சின்னத் திரையில் அது தெரியவில்லை. கல்யாண வீட்டார் பெரிய டிவியில் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்திருக்கிறது.

“ஃபோகஸ் ரிங் மேல தப்பு இல்ல சார். பேக் ஃபோகஸ் விலகியிருக்கு” என்றார் பெரியவர், லென்ஸைத் தொடுவதற்கு முன்பே.

அவர் மேசையில் ஒரு பழைய ஜூம் லென்ஸ் பிரித்துக் கிடந்தது. அதை வைத்துத்தான் எனக்கு விளக்கினார். முன்னால் இருக்கும் கண்ணாடித் தொகுதி ஃபோகஸுக்கு. அதற்குப் பின்னால் நகரும் தொகுதிகள் இரண்டு. ஒன்று முன்னும் பின்னும் ஓடி உருவத்தைப் பெரிதாக்கும், சிறிதாக்கும். அது ஓடும்போது பிம்பம் விழும் இடமும் தள்ளிப்போகப் பார்க்கும். அதைச் சரிக்கட்டத்தான் இரண்டாவது தொகுதி. வண்டி திரும்பும்போது வெளிமாடு எட்டிப்போட, உள்மாடு அடியைக் குறுக்கி ஈடுகொடுக்குமே, அந்த ஒத்துழைப்பு. இரண்டையும் இழுப்பது ஓர் உலோக உருளை. அதில் வெவ்வேறு வளைவில் வெட்டிய இரண்டு காடிகள். ஜூம் ரிங்கைத் திருப்பினால் உருளை சுழல்கிறது, காடிகளில் மாட்டிய முளைகள் தத்தம் வழியே நகர்கின்றன. விளக்கு வெளிச்சத்தில் அதை மெல்லத் திருப்பிக் காட்டினார். முதல் தொகுதி விறுவிறுவென்று போக, மற்றது கொஞ்சம் முன்னால் வந்து, நின்று, மறுபடி பின்வாங்கியது. அந்தத் தயக்கம்தான் ஜூம் லென்ஸின் உயிர். 1950களில் பிரான்சின் பியர் ஆன்ஜெனியூ இப்படி இயந்திர வளைவால் ஈடுகட்டும் ஜூம்களைச் செய்து சினிமாவுக்குக் கொடுத்தார். அவை வந்த பிறகு கேமராமேன்களுக்கு ஜூம் மீதான நம்பிக்கை கூடியது.

எவ்வளவு துல்லியம் வேண்டும்? தோளில் சாய்க்கும் ஹெச்.டி. வீடியோ கேமராக்கள் பலவற்றின் சென்சார் சுமார் 9.6 மி.மீ. அகலம், அதில் 1920 புள்ளிகள். அதாவது புள்ளி ஒன்றுக்கு 0.005 மி.மீ. துவாரம் எஃப் 2-ல் இருக்கையில், பிம்பம் சென்சாரை விட்டு 0.05 மி.மீ. விலகினாலே ஒரு புள்ளி ஐந்து புள்ளியாகப் பரவிவிடும். காடி கொஞ்சம் தேய்ந்தாலோ, பைக்கில் போகும்போது குலுங்கி ஒரு திருகு தளர்ந்தாலோ போதும்.

பெரியவர் சுவரில் ஒரு சார்ட் மாட்டினார். நடுவிலிருந்து கறுப்பும் வெள்ளையும் கதிராக விரியும் நட்சத்திரம். மூன்று மீட்டர் தள்ளி கேமரா. கடை விளக்குகளைக் குறைத்துத் துவாரத்தை முழுக்கத் திறந்தார். டெலிக்குப் போய் ஃபோகஸ் ரிங்கால் நட்சத்திரத்தைக் கூர்மையாக்கினார். பிறகு வைடுக்கு வந்து, ஃபோகஸ் ரிங்கைத் தொடாமல், லென்ஸின் பின்புறத்தில் இருக்கும் சின்ன ரிங்கின் திருகைத் தளர்த்தி அதைத் திருப்பினார். நட்சத்திரத்தின் நடுவே கலங்கியிருந்த வட்டம் சுருங்கியது. மறுபடி டெலி, மறுபடி வைடு. இரண்டு முனையிலும் ஒன்றுபோல் வரும்வரை அவர் விடவில்லை. வைடில் ஃபோகஸ் ரிங்கைத் திருப்பினாலும் பிம்பம் பெரிதாக நகராது. லென்ஸுக்கும் சென்சாருக்கும் உள்ள தூரம், அதாவது பேக் ஃபோகஸ், தவறியிருந்தால் அங்கேதான் அது வெட்டவெளிச்சமாகும்.

முகத்துக்கு ஜூம் செய்து ஃபோகஸ் பிடித்து, பிறகு வைடுக்கு வந்து எடுப்பது பழைய வீடியோக்காரர்களின் பழக்கம். இப்போதைய ஸ்டில் கேமரா ஜூம்கள் பலவற்றில் அது செல்லாது. எடையையும் விலையையும் குறைப்பதற்காக, ஜூம் செய்யும்போது ஃபோகஸ் நகர்ந்தாலும் ஆட்டோஃபோகஸ் பார்த்துக்கொள்ளும் என்று செய்யப்பட்டவை அவை. இதை யாரும் சொல்லித்தராமலே இளைஞர்கள் தசரா ஊர்வலத்தைப் படமெடுக்கப் போகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

ஊர்வலமோ லேசுப்பட்டதல்ல. சுமார் 750 கிலோ தங்க அம்பாரியில் சாமுண்டீஸ்வரியைச் சுமந்து, அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம் வரை ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் யானை நடக்கும். அது கேமராவை நோக்கி வரும்போது கணக்கு ஒரே சீராக இருக்காது. 50 மி.மீ. லென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். தொடுவானத்திலிருந்து 10 மீட்டர் தூரத்துக்கு ஃபோகஸ் கொண்டுவர லென்ஸ் கால் மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும். 10 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்கு வர இன்னும் ஒரு மில்லிமீட்டர் வேண்டும். யானை ஒரே வேகத்தில்தான் நடக்கிறது. ரிங்கைத் திருப்பும் கை மட்டும் போகப்போக விரைய வேண்டும். சினிமாவில் இந்த வேலைக்கென்றே ஃபோகஸ் புல்லர் இருக்கிறார். டேப் பிடித்து அளந்து, தரையில் மார்க் போட்டு, ஜூம் இல்லாத பிளாக் லென்ஸானாலும் ஜூமானாலும் நடிகரின் நடையைக் கையால் படிப்பவர்.

இந்த ஊரில் 1923-ல் பிறந்த வி.கே. மூர்த்திதான் இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘காகஸ் கே ஃபூல்’ (1959) படத்தின் ஒளிப்பதிவாளர். தாதாசாகேப் பால்கே விருது பெற்ற முதல் ஒளிப்பதிவாளரும் அவரே. அந்த மரியாதை அவருக்கு முழுக்கத் தகும். ஆனால் ஒளிப்பதிவாளரின் பெயர் நிலைக்கும் அளவுக்கு ரிங்கைத் திருப்பியவரின் பெயர் நிலைப்பதில்லை. லென்ஸைத் திறந்து மூடியவரின் பெயர் எழுத்து ஓடும்போதுகூட வருவதில்லை.

பெரியவர் அடுத்த லென்ஸுக்குப் போயிருந்தார். ஃபோகஸ் புரியைக் கழற்றும்போது, இரண்டு குழாய்களும் பிரியும் அந்த இடத்தில் ஊசியால் ஒரு கோடு கீறினார். புரிக்குத் தொடக்கங்கள் பல. வேறொன்றில் மாட்டிவிட்டால் தொலைதூரக் காட்சி என்றைக்கும் கூர்மையாகாது. பழைய கிரீஸைத் துடைத்துப் புதியதைக் கொஞ்சமாகத் தடவினார். மலிவான கிரீஸ் வெயிலில் இளகி, துவார இதழ்களில் எண்ணெயாகப் படியுமாம்.

கேமராவைத் தூக்கிக்கொண்ட வீடியோகிராபரிடம் கன்னடத்தில் ஏதோ சொல்லிவிட்டு, எனக்காகத் தமிழில் திருப்பினார்: “ஏ.சி. வேன்ல இருந்து எடுத்த உடனே படம் எடுக்காதன்னு சொன்னேன் சார். வெயில்ல அரை மணி நேரம் வெச்சு, ரெண்டு முனையும் பாத்துட்டுத்தான் ஆரம்பிக்கணும். யானை ரெண்டாவது தடவை வராது.”