ஐந்து ரூபாய்ப் பை

அக்டோபர் 6
அப்பாவை வீட்டுக்குக் கூட்டிவந்தாயிற்று. வலது கை மடியிலேயே கிடக்கிறது. “சில்லறையைப் பொறுக்கச் சொல்லுங்க அக்கா, விரலுக்கு நல்லது” என்றார் பிசியோதெரபி தம்பி. ஓய்வு பெறும்வரை அப்பா பூந்தமல்லி டிப்போவில் கண்டக்டர். அவருக்கா சில்லறை பொறுக்கப் பழக்குவது?

அக்டோபர் 8
வங்கியில் ஐந்து ரூபாய் நாணயம் ஒரு பை வாங்கினேன். புதுசு வேண்டாம், கடைக்காரர்கள் கட்டிய கலப்புச் சில்லறை கொடுங்கள் என்றேன்.
“வெள்ளி இருக்கா பாரு பாப்பா” என்றார் அப்பா.
1940க்கு முந்தைய ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. போர்க்காலத்தில் அது பாதியானது. 1947 ரூபாய் வெறும் நிக்கல். இந்தப் பையில் வெள்ளி ஏது? சொல்ல மனம் வரவில்லை. “பாக்கறேன்பா.”

அக்டோபர் 9
இரவெல்லாம் விழிப்பு.

அக்டோபர் 15
காசில் ஆண்டுக்குக் கீழே வைரக்குறி இருந்தால் அச்சடித்தது மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றுமில்லை என்றால் கொல்கத்தா. அப்பாவுக்கு இதெல்லாம் தேவையில்லை, எடையே போதும். பழைய தடிமனான காசு 9 கிராம், பிறகு வந்த எஃகும் பித்தளையும் 6. கண்ணை மூடிக்கொண்டு இடது கையில் வாங்கிச் சரியாகச் சொல்கிறார். அதையே வலது உள்ளங்கையில் வைத்தால், “தெரியலைம்மா.”

அக்டோபர் 23
அச்சுப் பிழை தேடினோம். காசின் மேலும் கீழும் இரண்டு விரலால் பிடித்துச் சுழற்றினால் பின்பக்கமும் நேராக நிற்க வேண்டும். அச்சு திரும்பியிருந்தால் சிங்கம் சாய்ந்திருக்கும். அப்படிப் பிடிக்கக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர வேண்டும். சேரவில்லை. காசு கட்டிலுக்கடியில் உருண்டது. இன்னொன்று. அதுவும். திடீரென்று இடது கையால் தட்டையே தள்ளிவிட்டார். “பிச்சைக்காரன் மாதிரி பொறுக்கணுமா?”
நான்தான் பொறுக்கினேன். அழுகையை அடக்க முடியவில்லை.

அக்டோபர் 24
இருவரும் பேசவில்லை. மழை.

நவம்பர் 3
ஏரி மதகைத் திறக்கப்போகிறார்கள் என்று தெருவே பேசுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இப்படிப் பெய்தால் இங்கே யாருக்குத் தூக்கம் வருகிறது? கரண்ட் இல்லை. டார்ச்சில் காசு பார்த்தோம். 1995 உலகத் தமிழ் மாநாட்டுக்கு வெளியிட்ட வள்ளுவர் காசு ஒன்று! அப்பாவுக்குச் சிரிப்பு. “இது வந்தா அப்பவே தனியா எடுத்து வெச்சுருவேன்.”
கொஞ்ச நேரத்தில், “இது கோணலா இருக்கு பாப்பா” என்று ஒன்றை நீட்டினார். வாங்கித் திருப்பினேன். கடிகாரத்தில் இரண்டு மணி முள் நிற்கும் சாய்வில் சிங்கம். மறுபக்கம் ஆண்டுக்குக் கீழே நொய்டாப் புள்ளி. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
எந்தக் கையால் நீட்டினார்? படுத்த பிறகுதான் தோன்றியது. இடது கையில் டீ டம்ளர் இருந்ததாக ஞாபகம்.

நவம்பர் 4
கேட்டேன். “எந்தக் கையோ” என்றார். மறுபடி பிடிக்கச் சொன்னேன். வரவில்லை.

நவம்பர் 11
இந்த முறை பத்து ரூபாய்க் காசு கேட்கிறார். 27 மில்லிமீட்டர், பிடிக்கத் தோதாம். செல்லும் என்று ரிசர்வ் வங்கி எத்தனை முறை சொல்லியும் கடைகளில் வாங்குவதில்லை. அதனால் வங்கியில் பை சுலபமாகக் கிடைக்கும். டாக்டரை அடுத்த வாரம் பார்க்க வேண்டும். அவர் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பை முழுவதையும் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஏன் இத்தனை அவசரம்?