கவரிங் வளையல்



போன வாரம் ஒரு கல்யாணத்தில் என் பழைய மாணவி, "கவரிங்தான் டீச்சர்" என்று கழுத்தை மறைத்தாள். அவளிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். தம்பி படிப்புக்காகத் தங்க வளையல்களை அடகு வைத்துவிட்டு, 6 வருஷம் சிதம்பரம் கவரிங் போட்டுத்தான் பாடம் நடத்தினேன். தம்பிக்கே இதைப் படித்துத்தான் தெரியும்.

மங்கிவிட்டதே என்று ஒருநாள் புளி போட்டுத் தேய்த்தேன். முலாம் போய்ச் செம்பு தெரிந்தது. வாரம் முழுக்கக் கையை முந்தானைக்குள் ஒளித்தேன்.

மேலே இருப்பது மெல்லிய தங்கப் பூச்சுதான். வியர்வை, சோப்பு, சென்ட் ஆகாது. கழற்றியதும் பருத்தித் துணியால் ஒற்றித் துடைத்து, ஈரமில்லாத டப்பாவில் தனியே வையுங்கள். மங்கினால் மறுபடி முலாம் போடலாம்.

தங்க வளையல்களை மீட்டுவிட்டேன். அந்தக் கவரிங் ஜோடியும் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. மறைக்காதீர்கள், கண்ணுகளா.