ரிச்சித் தெருவின் மாடிப் பட்டறை

சென்னை அண்ணா சாலையிலிருந்து விலகி, ஒரு காலத்தில் ரேடியோ உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்றிருந்து இன்று கணிப்பொறிக்கும் கைப்பேசிக்கும் வேண்டிய சகல சாமான்களும் குவிந்து கிடக்கிற ரிச்சித் தெருவுக்குள் நுழைந்து, வியாபாரிகளின் கூவலையும் தள்ளுவண்டிகளின் நெரிசலையும் கடந்து, இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நின்றே ஆகவேண்டிய ஒரு மாடிப்படியில் ஏறினால், கைப்பேசிகளைப் பழுது பார்க்கும் பட்டறை ஒன்று இருக்கிறது. அங்கே தோளோடு தோள் உரச அமர்ந்திருக்கும் தொழிலாளிகள் உருப்பெருக்கியின் மீது குனிந்த தலையை எளிதில் நிமிர்த்துவதில்லை. பொற்கொல்லர் பட்டறையில் காணும் அதே மௌனமும் ஏகாக்ரமும் அங்கே நிலவுகின்றன. ஊதுகுழலுக்குப் பதிலாக வெப்பக் காற்றை உமிழும் ‘ஹாட் ஏர்’ கருவி இருக்கிறது. 183 டிகிரி செல்சியஸ் உஷ்ணத்தில் உருகும் ஈயக் கலவையைக் கொண்டு, கடுகினும் சிறிய உறுப்புகளை அவர்கள் போனின் மின்சுற்றுப் பலகையில் பொருத்துகிறார்கள்.

நான் சென்றிருந்த சமயம், ஓர் அம்மாள் தம்முடைய போனின் பின்பக்க மூடி தானாகவே எழும்பிவிட்டதென்று கொண்டுவந்தார். “பேட்டரி உப்பிடுச்சும்மா. இதை அமுக்கி மூடிப் பாத்தீங்களா?” என்று தலைமைத் தொழிலாளி கேட்டார். அமுக்கியதாக அம்மாள் ஒப்புக்கொண்டதும், அந்தப் பெரியவர் போனை மெல்ல வாங்கித் தனியே வைத்தார். லித்தியம் அயான் பேட்டரியினுள், நேர்முனையையும் எதிர்முனையையும் பிரித்து நிற்பது மிக மெல்லிய ஒரு சவ்வு மாத்திரமே. உள்ளிருக்கும் ரசாயன திரவம் உஷ்ணத்தாலும் மூப்பாலும் சிதைந்து வாயுவாகி உறையை உப்பச் செய்திருக்கும் நிலையில், அழுத்தினாலோ கூரிய பொருளால் குத்தினாலோ அச்சவ்வு கிழிந்து, இரு முனைகளும் சேர்ந்து, க்ஷணத்தில் தீப்பற்றக்கூடும். ஆகையால் அவர் அந்தப் போனில் மிஞ்சியிருந்த மின்சாரம் தீரும்வரை அவசரப்படாமல் காத்திருந்து, பேட்டரியை ஒட்டியிருந்த பசையின் ஓரத்தில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இரும்புக் கருவி எதையும் தொடாமல், வளையும் பிளாஸ்டிக் தகடு ஒன்றை உட்செலுத்தி, உறையில் ஒரு கீறல்கூட விழாமல் பேட்டரியைப் பெயர்த்து, மணல் நிரம்பிய தகர டப்பாவில் இட்டார். இந்தப் பேட்டரியை உருவாக்கிய குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ஆம் ஆண்டு ரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது நியாயமே. ஆயினும் அதை அபாயமின்றிக் கழற்றும் இந்தக் கைகளுக்கும் நாம் மரியாதை செலுத்தவேண்டும் என்று எனக்குத் தோன்றிற்று.

பிறகு அவர் அந்த அம்மாளுக்குச் சொன்ன புத்திமதிகள், அவருடைய வருமானத்தைக் குறைக்கக்கூடியவையே. “தலையணைக்கு அடியில வெச்சு சார்ஜ் போடாதீங்க. சூடு வெளியே போக வழியில்லாம பேட்டரி கெட்டுப்போகும். வெயில்ல நிக்கிற வண்டிக்குள்ளயும் விட்டுட்டு வராதீங்கம்மா.” இருபது சதவிகிதத்துக்கும் எண்பதுக்கும் இடையில் வைத்திருந்தால் நெடுநாள் உழைக்கும் என்பதையும், மலிவான சார்ஜர்களில் பாதுகாப்பு உறுப்புகள் பல சமயம் இருப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

தண்ணீரில் விழுந்த போனை அரிசியில் புதைக்கும் வழக்கத்தை அவர் மிகவும் வெறுக்கிறார். பலகையில் பச்சை படர்ந்த ஒரு போனை உருப்பெருக்கியின் கீழ் எனக்குக் காட்டினார். ஈரத்தின் ஊடே மின்சாரம் பாய்ந்து செம்பை அரித்த அடையாளம் அது. அரிசி அந்த அரிப்பைத் தடுப்பதுமில்லை, பலகையின் இடுக்கிலுள்ள நீரை இழுப்பதுமில்லை. “உடனே ஆஃப் பண்ணணும் சார். வேலை செய்யுதான்னு ஆன் பண்ணிப் பாக்கிறாங்க பாருங்க, அதுலதான் போர்டு போயிடுது.” தண்ணீர் புகாது என்று விற்கப்படும் போன்களும், ஒருமுறை திறந்து மூடிய பின் பழைய காப்பை இழக்கக்கூடும் என்று அவர் வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்.

அந்தரங்க விஷயத்திலும் அவருடைய நேர்மை என்னைக் கவர்ந்தது. சிம்மையும் மெமரி கார்டையும் முதலில் கழற்றி உரியவர் கையில் கொடுத்துவிடுகிறார்; கூடுமானவரை அவரை எதிரிலேயே உட்காரவைத்து வேலையை முடிக்கிறார். போன் தொலைந்து போய் வருந்தி வருபவர்களுக்கு, பதினைந்து இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொண்டு அரசாங்கத்தின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதை முடக்கும் வழியையும், பணம் பறிபோனால் தாமதியாமல் 1930 என்ற உதவி எண்ணை அழைக்கவேண்டும் என்பதையும் சொல்லித் தருகிறார்.

மணல் டப்பா நிறைந்த பின் அந்தப் பேட்டரிகள் எங்கே போகின்றன என்று கேட்டேன். பழைய சாமான் வாங்குபவர் எடைக்கு எடுத்துச் செல்கிறாராம். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர் மேல் சுமத்தியிருந்தும், அந்த மாடிப்படி ஏறி வந்து டப்பாவை வாங்கிச் சென்றவர் ஒருவருமில்லை என்று வருத்தத்துடன் சொன்னார். பற்றவைக்கும்போது எழும் புகையை வெளியே இழுக்கும் விசிறியை அவரே சொந்தச் செலவில் சுவரில் பொருத்திவிட்டார். பேட்டரிகளுக்கு மட்டும் தெருமுனையில் ஒரு சேகரிப்பு இடம் வேண்டும் என்று கேட்கிறார். அந்தக் கோரிக்கையை எழுத்தில் கொண்டுவருவதாக அவருக்கு வாக்களித்துவிட்டுத்தான் இறங்கினேன்.