மிச்சத்து முதுமகன்கள்

பாட்டியல் நூல்களின் கணக்குப்படி நான் முதுமகன். ஆண்பிள்ளையின் பருவங்களைப் பாலன், மீளி, மறவோன், திறவோன் என்று ஆசையாசையாகப் பிரித்துக்கொண்டு போகிறவர்கள், 30ஐத் தாண்டியதும் முதுமகன் என்ற ஒரே சொல்லோடு கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கு 38. பெண்களுக்கு மட்டும் கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கிறார்கள். 32 முதல் 40 வரை பேரிளம்பெண். இளம்பெண்ணுக்கு முன்னால் ஒரு 'பேர்' போட்டால் போதும். வயது போனதையும் சொல்லியாயிற்று, ஆளின் மனமும் நோகாது. இந்தச் சொல்லைக் கட்டிய புலவரின் வீட்டிலே ஒரு பேரிளம்பெண் இருந்திருக்கவேண்டும் என்பது என் ஊகம்.

வயது போவதைப் பற்றிச் சொல் கட்டுவது எங்கள் கிச்சினிலும் நடக்கிற தொழில்தான். தெற்கு லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் இருக்கிறோம். ஆங்கிலப் பெயர்தான், தமிழில் எழுதினால் வேறொன்றாகிவிடுகிறது. இங்கே 1685 இலேயே கிறிக்கெற் ஆடினார்களாம். பிறகு வயல் வயலாக லவண்டர் வளர்த்தார்களாம். இப்போது, பக்கத்து ரூட்டிங்கில் வாடகை கட்டுப்படாத நாங்கள் வந்திருக்கிறோம். "எங்கை இருக்கிறியள்?" "மிச்சத்திலை." இந்தப் பகிடிக்குப் புதிதாக வந்தவன் மட்டும்தான் சிரிப்பான்.

கிச்சினில் ஐந்து பேர். தலைமைச் சமையல் பெரியண்ணை, வயது 61. வெங்காயம் வெட்டுகிற மத்தியான நேரத்தில்தான் சொற்கள் பிறக்கும். அரிசி மூட்டையைத் தூக்கக் குனிந்து நிமிரும்போது, கதிரையை விட்டு எழும்பும்போது, ஆளையறியாமல் வாயிலிருந்து வருகிற "அம்மாடி" இருக்கிறதே, அதற்கு எழும்பிசை என்று பெயர். மெல்லிசை, துள்ளிசை மாதிரி. ஏதோ எடுக்கவென்று குளிரறைக்குள் போய், என்ன எடுக்க வந்தோம் என்பது மறந்து, கோழிப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிற நிலை குளிரறைத் தியானம். எதற்கெடுத்தாலும் "அந்தக் காலத்திலை" என்று தொடங்குகிறவர் அந்தக்காலன். இதில் யமனும் கொஞ்சம் இருப்பதால் பெரியண்ணைக்கு இந்தச் சொல் பிடிக்காது. தொடங்குகிறவரும் அவர்தான்.

கொத்துரொட்டி வாங்க வருகிற, இங்கேயே பிறந்து வளர்ந்த பெடியன் ஒருவன் முதன்முதலாக உங்களை "அங்கிள்" என்று கூப்பிடுகிற நாள் அங்கிளேற்பு. பதவியேற்பைப் போல, ஆனால் மாலை கிடையாது. எனக்கு அது 32 வயதில் நடந்தது. அதில் நோவு என்னவென்றால், ஊரிலே தம்பிக்கும் ஐயாவுக்கும் இடையில் அண்ணை என்று ஒரு நீண்ட காலம் உண்டு. சந்தியில் நிற்கலாம், சைக்கிளில் டபிள் போகலாம், சின்னவர்களுக்குப் புத்தி சொல்லலாம். நான் தம்பியாக விமானம் ஏறினேன். இங்கே இறங்கி, ஆட்கள் என்னை ஏதாவது சொல்லிக் கூப்பிடத் தொடங்கியபோது அங்கிளாக இருந்தேன்.

சொற்களிலே கெட்டிக்காரச் சொல் ஆனையிறவு. பெரியண்ணை இடது காதுக்கு மேலிருந்து ஒரு பிடி மயிரை வழித்து, மொட்டந்தலைக்குக் குறுக்காகக் கொண்டுபோய் வலது பக்கம் சேர்ப்பார். இரண்டு கரையையும் இணைக்கிற அந்த ஒடுங்கிய பாதைக்கு அவரேதான் ஆனையிறவு என்று பெயர் வைத்தார். குப்பை போட வெளியே போய்க் காற்று அடித்தால், "ஆனையிறவு விழுந்திட்டுது" என்று தடவிக்கொண்டு வருவார். 1991 இலும் 2000 இலும் 2009 இலும் சண்டை நடந்த இடத்தை வைத்து இப்படிப் பகிடி விடலாமோ என்று கேட்கிறவர்கள் அவரிடமே கேட்கட்டும். அங்கே ஒரு தம்பியைக் கொடுத்தவர் அவர். இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

என்னுடைய பங்குக்கு இரண்டு சொல் உண்டு. ஒன்று கள்ளவயது. 2010 இல் எனக்கு 23 வயது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் படிப்பு இரண்டாம் வருடத்தோடு நின்றுவிட்டது. ஏஜென்சிக்காரன் தந்த பாஸ்போட்டில் இருந்த மனிதருக்கோ 41. "தம்பி, கொஞ்சம் ஆறுதலாய் நட. படி ஏறேக்கை கைபிடியைப் பிடி" என்று பாடம் எடுத்தான். காதோரம் பவுடரும் பூசிவிட்டான். மற்றவர்களுக்கு முதுமை ஒவ்வொரு மயிராக வரும். எனக்கு அது ஒரு பின்னேரத்தில், 18 வருடமும் மொத்தமாக வந்தது. இன்னும் மூன்று வருடம் போனால் அந்தப் பாஸ்போட்காரரை எட்டிப் பிடித்துவிடுவேன். அவரை நினைக்கும்போது ஒரு சொந்தக்காரரை நினைப்பது மாதிரி இருக்கிறது.

மற்றது நிலுவைவயது. கேஸ் முடிவுக்காகக் காத்திருந்த காலம். 23 இலிருந்து 31 வரை. எட்டு வருடம் தபால்காரனின் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு வயது போகுமா போகாதா என்பது நியாயமான கேள்வி. தலைமயிர் போகும் என்றுதான் சொல்கிறது. பிசிராந்தையாரிடம், இத்தனை ஆண்டாகியும் உமக்கு நரை இல்லாதது எப்படி என்று கேட்டபோது, வீட்டையும் ஊரையும் சொன்னவர், என் அரசனும் கெட்டது செய்யமாட்டான் என்று அதையும் ஒரு காரணமாகச் சொன்னார். எங்களுக்கு நரை வந்த காரணத்தை யாரும் வந்து கேட்கத் தேவையில்லை.

படித்த இரண்டு வருடத்தில் மனதில் நின்றது புறநானூற்றின் 243 ஆவது பாட்டு. ஒரு கிழவர் தன் இளமையை நினைக்கிறார். மணலிலே பாவை செய்து பூச்சூட்டியது, பெண்பிள்ளைகளோடு கைகோத்துத் தண்ணீரில் விளையாடியது, கரையில் நிற்கிறவர்கள் திகைக்க மருதமரக் கொப்பிலிருந்து ஆழமான மடுவில் குதித்து அடிமணலை அள்ளிக்கொண்டு வந்தது. இப்போது கையில் பூண் கட்டிய தடி. கதைக்கத் தொடங்கினால் இருமல். அந்தக் கிழவரின் பெயர் ஒருவருக்கும் தெரியாது. பாட்டிலே வருகிற தடியை வைத்தே தொடித்தலை விழுத்தண்டினார் என்று பெயரிட்டுவிட்டார்கள். மனிதரின் பெயர் போய்த் தடி மிஞ்சியிருக்கிறது. தமிழில் முதுமைக்குக் கட்டிய சொற்களில் இதைவிட நீளமானதும் இதைவிடப் பொல்லாததும் நான் அறியேன்.

இதைக் கிச்சினில் சொன்னபோது பெரியண்ணை வெங்காயத்தை வைத்துவிட்டு, "அது கீரிமலை" என்றார். அவர் காங்கேசன்துறைப் பக்கம். பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளில் போய்க் கீரிமலைக் கேணியில் மேல்கட்டிலிருந்து குதிப்பார்களாம். ஒரு பக்கம் கடல் உப்பு, மதிலுக்கு இந்தப் பக்கம் நல்ல தண்ணீர். அடி தொட்டு வந்தவனுக்கு மற்றவர்கள் வடை வாங்கிக் கொடுக்கவேண்டும். புறநானூற்றுக் கிழவருக்கு வடை கிடைத்ததா என்று கேட்டார்.

நான் 1987 இல் பிறந்தவன். 1990 இல் வலிகாமம் வடக்குச் சனம் வெளியேறியபோது எனக்கு மூன்று. அதற்குப் பிறகு கேணி ஆமியின் வலயத்துக்குள்ளே. 1995 ஒக்ரோபர் 30 இரவு தென்மராட்சிக்கு நடந்தபோது எட்டு. 2006 இல் ஏ-9 பாதை பூட்டியபோது 19. இதில் எந்த வயதுக்குத் திரும்பிப் போக ஏங்குவது? ஆகவே பெரியண்ணையின் ஏக்கத்தைத்தான் நான் எடுத்துப் பாவிக்கிறேன். இரவல் ஏக்கம் என்று அதற்கும் ஒரு பெயர் வைத்தாயிற்று. கேணியின் படிகள், மேல்கட்டுப் பாசி, தண்ணீருக்குள் காது அடைக்கிற சத்தம், எல்லாம் எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். இரவில் நித்திரை வராவிட்டால் நானும் குதிப்பேன்.

பெரியண்ணை 2017 இல் ஊருக்குப் போய்வந்தார். கேணிக்கும் போனாராம். இது வரைக்கும் அதைப் பற்றிக் கதைக்காதவர், போன கிழமை உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும்போது தானாகச் சொன்னார்.

"குதிக்கேல்லை. முழங்கால் விடேல்லை. படியாலை இறங்கினன்."

"தண்ணி எவ்வளவு, அண்ணை?"

"இடுப்பளவுக்குத்தான் போனன். குதிச்சுக்கொண்டிருந்த பெடியள் விலகி இடம் விட்டாங்கள். ஒருத்தன் கை தந்தான், ஐயா கவனம் எண்டு."

ஒருவரும் பேசவில்லை. பிறகு, ஊரிலிருந்து படிக்க வந்து பின்னேரங்களில் கோப்பை கழுவுகிற சின்னவன் மெல்ல, "படியிறக்கம்" என்றான். பெரியண்ணை அதை வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். மலிவாய்க் கிடக்காம். இன்னும் யோசிக்கச் சொன்னார்.